அத்தியாயம் 6: ஐ.பி. கொடுக்குமுன் – நொடிப்பு வழக்குக்கு வக்கீல் அமர்த்தும் முறை

வாங்கிய கடனைக் கட்ட வழியே இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தெளிந்தவர்களுக்கானது இந்த அத்தியாயம். கோட்டாறில் மொத்த வியாபாரம் செய்து முடங்கியவர், தோவாளையில் பூ வியாபாரத்தில் நட்டப்பட்டவர், குளச்சலில் படகுக்குக் கடன் வாங்கியவர், மச்சினனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர் என யாராக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை ஒன்றுதான்.

நொடிப்பு மனுப் போடுவதை ஊரில் ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது’ என்கிறார்கள். கோர்ட்டு வட்டாரத்தில் ‘ஐ.பி. போடுவது’ என்பார்கள். 2016-இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. மற்றவர்களுக்குச் சென்னை நகருக்கு வெளியே இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். அதனால் இந்த வேலை தெரிந்த வக்கீலை நாகர்கோவிலிலேயே தேடலாம். சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். வக்கீலை எடைபோட, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நிறையக் கேட்பவர் வேலை தெரிந்தவர். கேட்காமலேயே வாக்குக் கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அ. உங்களுக்கு எந்த வக்கீல் வேண்டும்?

எல்லாக் கடனுக்கும் ஐ.பி. மருந்தல்ல. முதலில் உங்கள் கடன்களை இப்படி வகை பிரியுங்கள்.

1. புரோநோட்டு, கைமாற்று, கடைப்பாக்கி, ஈடு இல்லாத தனிநபர் கடன். ஐ.பி. மனுவுக்கு உரியவை இவையே. உரிமையியல் வழக்கு நடத்தும் வக்கீல் வேண்டும்.

2. வீட்டையோ கடையையோ ஈடு வைத்து வாங்கிய வங்கிக் கடன். ஐ.பி. போட்டாலும் ஈட்டின் மேல் வங்கிக்குள்ள உரிமை போகாது. சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வந்திருந்தால் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம்; வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கிவிட்டால் 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே வழக்கமாக ஆஜராகும் வக்கீல் தேவை.

3. நகைக்கடன். இதுவும் ஈட்டுக் கடன்தான். ஏலத்தை ஐ.பி. தடுக்காது.

4. திரும்பிய செக். இது குற்றவியல் வழக்கு. நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்குப் போட அவர்களுக்கு வழி திறக்கிறது. ஐ.பி. மனு இந்த வழக்கை நிறுத்தும் என்று நம்பாதீர்கள்.

5. உங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கடனுக்கு நீங்களே ஜாமீன் நின்றது. 2019 டிசம்பர் 1 முதல் இது புதிய சட்டத்தின் கீழ் வருகிறது. கம்பெனியே நொடிப்பு நடவடிக்கையில் இருந்தால் சென்னையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் பழகிய வக்கீல் வேண்டும்.

6. ஊராரிடம் சீட்டுப் பணமோ வைப்புப் பணமோ பிடித்துத் திருப்ப முடியாமல் போனது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பாயக்கூடிய இடம் இது. முதலில் குற்றவியல் வக்கீலைப் பாருங்கள்; ஐ.பி. பிறகு.

பெரும்பாலோருக்கு இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். முதல் வகையில் தொகை பெரிது என்றால் உரிமையியல் வக்கீலிடம் தொடங்குங்கள். மற்றவற்றுக்கு யாரிடம் போக வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். ‘எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் சொன்னால், மதுரைத் தீர்ப்பாயத்தில் கடைசியாக எப்போது ஆஜரானார் என்று விசாரியுங்கள்.

ஆ. வக்கீல் ஆபீசுக்குப் போகுமுன் கட்ட வேண்டிய கோப்பு

வெறுங்கையோடு போனால் அவராலும் பொதுவாகத்தான் பேச முடியும். கீழ்க்கண்ட வரிசையில் ஒரு கோப்புத் தயாரியுங்கள்.

1. கடன் பட்டியல். கொடுத்தவர் பெயர், முழு விலாசம், வாங்கிய தேதி, அசல், இதுவரை கட்டிய வட்டி, மீதி, ஆதாரம் (புரோநோட்டா, செக்கா, வாய்மொழியா). மனுவில் கடன்காரர் அத்தனை பேரின் பெயரும் விலாசமும் வர வேண்டும் என்பது சட்டம். அக்காவிடம் வாங்கியதையும் விடாதீர்கள்.

2. சொத்துப் பட்டியல். நிலம், வீடு, வண்டி, நகை, வங்கி இருப்பு, எல்.ஐ.சி. பாலிசி, உங்களுக்கு வர வேண்டிய பாக்கி. குடும்பச் சொத்தில் பிரிக்காத பங்கு இருந்தால் அதுவும்.

3. பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று.

4. கோர்ட்டுத் தாள்கள். சம்மன், தீர்ப்பாணை, நிறைவேற்று மனு நோட்டீஸ், ஜப்தி உத்தரவு, வாரண்ட். உறை உட்பட வையுங்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

5. கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் விற்றது, தானம் கொடுத்தது, பெயர் மாற்றியது. ஒன்று விடாமல் எழுதுங்கள். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

6. வரவு செலவுக் கணக்கு. வியாபாரி என்றால் நாள்வழிப் பேரேடு, ஜி.எஸ்.டி. தாக்கல். கணக்குப் புத்தகம் சரியாக வைக்காதது, பின்னால் கடனிலிருந்து விடுவிப்பு கேட்கும்போது தடையாக வந்து நிற்கும்.

குறிப்பு: 1956 நவம்பர் 1-க்கு முன் நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அதனால் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும். உங்கள் மூலப்பத்திரம் அப்படி என்றால், மலையாளம் வாசிக்கத் தெரிந்த வக்கீலோ குமாஸ்தாவோ உள்ள ஆபீசாகப் பாருங்கள். சர்வே எண்ணிலோ அளவிலோ வரும் தவறு சொத்துப் பட்டியலையே கெடுத்துவிடும்.

இ. பெயர்களைத் திரட்டுதல்

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. எனவே பெரிய போர்டு, யூடியூப் விளம்பரம், இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் இவற்றைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வக்கீல்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் இணையதளங்களைக் கண்டித்து 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம்பகமான வழிகள் இவை:

1. கோர்ட்டைத் தீர்மானியுங்கள். நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் மனுப் போட முடியும். அகஸ்தீஸ்வரம், தோவாளைக்காரர்களுக்குப் பொதுவாக நாகர்கோவில். மேற்கே உள்ளவர்களுக்குப் பத்மநாபபுரம், குழித்துறை. கடன்காரர் பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ இருந்தாலும், உங்கள் மனு உங்கள் ஊர்க் கோர்ட்டில்தான்.

2. இ-கோர்ட்ஸ் செயலியைத் திறங்கள். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்து, வழக்கு வகையில் ஐ.பி. என்று போட்டுத் தேடினால் நடக்கும் வழக்குகளும் முடிந்தவையும் வரும். எந்த வக்கீல்கள் இந்த வகை வழக்கை நடத்துகிறார்கள் என்று அதிலேயே தெரியும். வக்கீல் பெயரைப் போட்டும் தேடலாம்.

3. உங்கள் ஊர் உரிமையியல் வக்கீலிடம் கேளுங்கள். ‘உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நிலைமை வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?’ என்று கேட்டால் நேர்மையான பெயர் கிடைக்கும்.

4. பணம் இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு. நாகர்கோவிலில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் உள்ளவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100.

மூன்று பெயராவது சேர்த்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

எச்சரிக்கை: கோர்ட்டு வாசலில், ‘அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் கவலைப்படாண்டாம், எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்’ என்று தோளில் கை போடுபவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. புரோக்கர் வழியாகப் போனால் கமிஷன் உங்கள் ஃபீசிலிருந்துதான் போகும். எவராக இருந்தாலும் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிந்த ஒவ்வொருவருக்கும் அது உண்டு. வக்காலத்திலும் எழுத வேண்டியதுதான். கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

ஈ. முதல் சந்திப்பு

போகும்போது பத்திரங்களின் அசலைக் கொண்டு போகாதீர்கள், நகல் போதும். கடன் விவரம் தெரிந்த குடும்பத்தார் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

*அவர் உங்களிடம் கேட்க வேண்டியவை:*

1. கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தச் சொத்தையாவது மனைவி, மக்கள் பேருக்கு மாற்றினீர்களா?
2. மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் தனியாகப் பணமோ பொருளோ கொடுத்தீர்களா?
3. ஜப்தி உத்தரவோ கைது வாரண்டோ வந்திருக்கிறதா?
4. முன்பு எப்போதாவது ஐ.பி. போட்டதுண்டா?
5. உங்களுக்காக யார் யார் ஜாமீன் போட்டிருக்கிறார்கள்?
6. செக் கொடுத்திருக்கிறீர்களா? எத்தனை, யாரிடம்?

இந்த ஆறில் பாதியைக்கூடக் கேட்காமல் வக்காலத்தை நீட்டினால் அடுத்த பெயருக்குப் போங்கள்.

*நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியவை:*

1. ‘என் கடன்காரர் யாருக்காவது நீங்கள் ஆஜராகியிருக்கிறீர்களா? எனக்குக் கடன் தந்த வங்கிக்கு நீங்கள் பேனல் வக்கீலா?’ நாகர்கோவில் போன்ற ஊரில் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஒரே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் உங்களுக்கு வரக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. கடன் பட்டியலைக் காட்டி, பெயர் பெயராகக் கேளுங்கள்.

2. ‘ஐ.பி. இல்லாமல் வேறு வழி உண்டா?’ கடன்காரர்களோடு தவணை பேசுவது, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம், வங்கியில் ஒரே தவணைத் தீர்வு இவற்றை அவரே எடுத்துப் பேசினால் நல்ல அடையாளம்.

3. ‘மனுப் போட்டால் எது நிற்கும், எது நிற்காது?’ சரியான பதில் இப்படி இருக்கும்: மனுப் போட்ட அன்றே எல்லாம் நின்றுவிடாது, நொடித்தவர் என்று கோர்ட்டு ஆணையிட்ட பிறகு, கோர்ட்டு அனுமதி இல்லாமல் கடன்காரர் புது வழக்குப் போட முடியாது, கைதிலிருந்து பாதுகாப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

4. ‘என் கையில் என்ன மிஞ்சும்?’ உங்கள் சொத்து கோர்ட்டு அமர்த்தும் ரிசீவர் பொறுப்புக்குப் போகும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்கியவை மட்டும் தப்பும்: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயி குடியிருக்கும் வீடு, வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத அணிகலன். தாலியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயமுறுத்துபவரை நம்ப வேண்டாம். சம்பளத்தில் முதல் 1000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு வராது.

5. ‘கோர்ட்டில் யார் நிற்பார்கள்?’ சீனியரைப் பார்த்துப் பேசுவோம். வாய்தாவுக்கு ஜூனியர் வருவார். அதில் தவறில்லை. ஆனால் குறுக்கு விசாரணை நாளில் யார் வருவார் என்பதை முன்பே கேட்டு வையுங்கள்.

உ. ஃபீஸ் பேசுதல்

நிர்ணயித்த கட்டணம் என்று ஒன்றும் கிடையாது. கூச்சப்படாமல் இனம் பிரித்துக் கேளுங்கள்.

1. மனுத் தயாரித்து நம்பர் ஆகும்வரை எவ்வளவு?
2. விசாரணை முடிந்து ஆணை வரும்வரை எவ்வளவு?
3. விடுவிப்பு மனுவுக்குத் தனியா, இதிலேயே சேர்ந்ததா?
4. கோர்ட்டு ஸ்டாம்ப், நோட்டீஸ், விளம்பரச் செலவு எவ்வளவு? கடன்காரர் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும் என்பதால், ஆள் கூடக் கூடச் செலவும் கூடும்.
5. மேல்முறையீடு என்றால் யார் பார்ப்பார், என்ன செலவு?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடுவிப்பு வரை பேசாத ஃபீஸ் பாதி வழியில் நிற்கும்.

ஒப்புக்கொண்ட தொகையை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தவணையாக, முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். ‘தள்ளுபடியாகும் கடனில் இத்தனை சதவீதம் எனக்கு’ என்று பேசினால் மறுத்துவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை விதி தடுக்கிறது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஃபீஸ் தகராறை நுகர்வோர் கோர்ட்டுக்குக் கொண்டு போக முடியாது என்பதால், எழுத்தும் ரசீதும்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஊ. வக்காலத்துப் போடும் நாள்

1. வக்காலத்தில் கோர்ட்டின் பெயர், உங்கள் பெயர், வக்கீல் பெயர், பதிவு எண் எழுதியபின் கையெழுத்திடுங்கள்.
2. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்றாலும் கொடுக்காதீர்கள்.
3. மனுவை வரி வரியாக வாசித்துக் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மனுவில் சொல்வது உண்மை என்று உறுதி தந்து கையெழுத்திடுவது நீங்கள். பொய் இருந்தால் மாட்டுவதும் நீங்கள்.
4. கடன் பட்டியலையும் சொத்துப் பட்டியலையும் உங்கள் கோப்போடு ஒப்பிடுங்கள்.
5. தாக்கல் செய்த மனுவின் முழு நகல் வாங்குங்கள்.
6. நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாய்தாத் தேதியை அதை வைத்து நீங்களே செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

போட்ட மனுவை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. அதற்கும் கோர்ட்டு அனுமதி வேண்டும். மிரட்டிப் பார்ப்பதற்காக ஐ.பி. போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எ. அடிக்கடி நடக்கும் தவறுகள்

- வக்கீலைப் பார்க்குமுன் வீட்டை மனைவி பேருக்கு எழுதிவைப்பது. மாற்றிய இரண்டு ஆண்டுக்குள் போட்ட மனுவில் நீங்கள் நொடித்தவர் என்று ஆணை வந்தால், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்காதவர் பேரில் உள்ள மாற்றத்தை ரத்துச் செய்ய வழி உண்டு. வீடும் போகும், உங்கள் சொல்லுக்கு மதிப்பும் போகும்.

- சொந்தக்காரருக்கு மட்டும் கடனை அடைத்துவிட்டு மனுப் போடுவது. மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததும் செல்லாமல் போகும்.

- வக்கீலிடமே மறைப்பது. நீங்கள் சொல்லும் ரகசியத்தைக் காக்க அவர் சட்டப்படி கடமைப்பட்டவர். சொத்தை ஒளிக்க உதவி கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. சொத்தையோ கணக்கையோ மோசடியாக மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

- ஜாமீன்தாரரை மறந்துவிடுவது. உங்களுக்கு விடுவிப்புக் கிடைத்தாலும் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர் விடுபட மாட்டார். அவரும் இப்போதே தனி வக்கீலைப் பார்க்கட்டும்.

- எல்லாக் கடனும் போய்விடும் என்று நினைப்பது. அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் ஏற்பட்ட கடன், ஜீவனாம்சம் இவை விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும்.

ஏ. பாதுகாப்பு

வக்கீல் அமைந்து மனுத் தாக்கலாகும் வரையுள்ள நாட்கள்தான் நெருக்கடியானவை.

1. வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மீறினால் தேதி, நேரம், எண் குறித்து வக்கீலிடம் கொடுங்கள்.

2. கந்துவட்டி என்றால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது; மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் 100-க்கு அழையுங்கள்.

3. பணத் தீர்ப்பாணையை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ சட்டத்தில் இடமில்லை. வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

4. மிரட்டலுக்குப் பயந்து புதிதாகப் புரோநோட்டோ செக்கோ எழுதிக் கொடுக்காதீர்கள். ‘வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்ற ஒரே பதில் போதும்.

5. வாழ்க்கையை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் 104 அல்லது 14416-ஐ உடனே கூப்பிடுங்கள். கடனைத் தீர்க்க முடியாதவருக்கும் சட்டம் ஒரு வாசல் வைத்திருக்கிறது. அதற்குத்தான் இந்த மனு.

ஐ. வக்கீலை மாற்ற வேண்டி வந்தால்

வாய்தாத் தகவல் வராமலிருப்பது, கேட்டால் எரிந்து விழுவது, செலவு என்று மறுபடி மறுபடி பணம் கேட்பது இவை தொடர்ந்தால் மாற்றலாம். முதலில் நேரில் பேசி, சம்மதம் எழுதி வாங்கி, புது வக்கீலின் வக்காலத்தைத் தாக்கல் செய்யுங்கள். சம்மதம் தர மறுத்தால் கோர்ட்டு அனுமதியோடு மாற்றலாம். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடத்தை மோசம் என்றால் வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் பார் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் செய்யலாம்.

ஒ. ஆணை வந்தபின்: நாட்காட்டியில் ஒரு தேதி

நொடித்தவர் என்று ஆணை வந்ததும் பலரும் வக்கீல் ஆபீசுப் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். வழக்கு அங்கே முடியவில்லை.

1. ஆணையின் நகலை வாங்குங்கள். எந்தத் தேதிக்குள் விடுவிப்புக் கேட்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும்.
2. ரிசீவர் கேட்கும் கணக்குகளைக் கொடுங்கள். கூப்பிட்ட நாளில் போங்கள்.
3. விடுவிப்புக்கு முன், நீங்கள் நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாய்க்குக்கூடக் கடன் வாங்காதீர்கள். அது குற்றம்.
4. கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே வக்கீலைப் பார்த்து விடுவிப்பு மனுத் தயாரிக்கச் சொல்லுங்கள். நேரம் போதாது என்றால் கெடு முடியுமுன் நீட்டிப்புக் கேளுங்கள்.

கெடுவைத் தவறவிட்டால் ஆணையே ரத்தாகும். கடன் பழையபடி உங்கள் தலையில் வந்து உட்காரும். கோர்ட்டு அனுமதியில்லாமல் மறுபடி மனுவும் போட முடியாது. வக்கீலை அமர்த்தும் நாளிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்: ‘விடுவிப்பு ஆணை என் கைக்கு வரும்வரைதான் நாம் பேசிய வேலை.’ அதற்கு ஒப்புக்கொண்டு எழுதித் தருபவரை அமர்த்துங்கள்.